வில், குடம், வடசென்னை: எட்டு நாள் குறிப்புகள்

புதன், பாளையங்கோட்டை

வடசென்னைத் தெருக்களில் நிகழ்ச்சி நடத்தக் கிளம்புகிற கிறிஸ்தவச் சபை இளையோர் குழு, மொத்தம் 20 பேர். 16 பேர் இளையோர், 4 பேர் பெரியவர்கள். பெரியவர்களில் இருவர் பெண்கள். யோசித்துப் போட்ட கணக்குதான் இது. 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை வெளியூர் கூட்டிப்போனால், ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக இருக்கும்படி எங்கேயும் ஆகக்கூடாது. நாலு பேர் இருந்தால்தான் குழு இரண்டாகப் பிரிந்தாலும் இருவர் இருவராக நிற்கலாம். பெற்றோர் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம், ஆதார் நகல், ரத்த வகை, சாப்பிடுகிற மாத்திரை விவரம் எல்லாம் ஆளுக்கொரு பிளாஸ்டிக் உறையில்.

போகிற இடம் வடசென்னை: வியாசர்பாடி, காசிமேடு, புளியந்தோப்பு. கடைசி நாள் பெரும்பாக்கம். அது வடசென்னையில் இல்லையே என்று கேட்பீர்கள்; காரணம் செவ்வாய்க்கிழமைக் குறிப்பில் வரும். கொண்டுபோவது ஒரு வில்லுப்பாட்டு, பேசாமல் நடிக்கிற ஒரு மைம், நாலு பறை. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்துச் சபைகளுக்கு வில்லுப்பாட்டு பழகிய கலைதான். அதை வடசென்னைப் பதின்வயதுப் பசங்க முன்னால் கொண்டுபோய் வைப்பதில்தான் வேலை இருக்கிறது.

டிக்கெட் முதலில். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கும்; 2024 நவம்பருக்கு முன்னால் 120 நாள் இருந்தது. ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்கு மேல் போட முடியாது. ஆகவே நாலு டிக்கெட், ஒவ்வொன்றிலும் ஒரு பெரியவர் பெயர். பிள்ளைகள் பெயரை மட்டும் ஒரு டிக்கெட்டில் போட்டுவிட்டால், அது வேறு பெட்டியில் விழும்போது ராத்திரி முழுக்க யாருக்கும் தூக்கம் இருக்காது.

ஸ்லீப்பரில் ஆளுக்கு 40 கிலோ வரை இலவசம், எடை ஒரு பிரச்சினையே இல்லை. நீளம்தான் பிரச்சினை. உடன் கொண்டுபோகும் பெட்டி 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. பனை வைரத்தில் வளைத்த பத்தடி வில்லை எந்தப் பெர்த்துக்கு அடியிலும் நுழைக்க முடியாது. அதனால் மூன்று துண்டாகக் கழற்றி மாட்டுகிற இரும்பு வில். ஒவ்வொரு துண்டும் ஒரு மீட்டருக்குள், இரண்டு மூட்டு, மூட்டுக்கு இரண்டு 8 மி.மீ. போல்ட். 13-ஆம் நம்பர் ஸ்பானர் இரண்டு எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு போல்ட்டைப் பிடிப்பதா, நட்டைத் திருகுவதா? போல்ட்டுக்கு ரப்பர் வாஷர் போடாவிட்டால் வில்லை அடிக்கிற வீசுகோல் விழும்போதெல்லாம் மணிச் சத்தத்தோடு மூட்டும் சேர்ந்து கடகடக்கும். மைக் அதைத்தான் முதலில் பிடிக்கும்.

குடம் இரண்டு, காருகுறிச்சி மண்குடம். உள்ளே பழைய துணி திணித்து, வெளியே வைக்கோல் பிரி சுற்றி, அட்டைப் பெட்டியில் வாய் மேலாக வைத்துக் கீழ் பெர்த்துக்கு அடியில். மேல் பெர்த் வேண்டவே வேண்டாம். ரயில் குலுக்கலில் விழும். உடுக்கை, ஜால்ரா, கட்டை எல்லாம் தோள்பையில். மண்ணெண்ணெய், கேஸ் அடுப்பு ரயிலில் ஏற்றக் கூடாது. பந்தம் பிடிக்கிற காட்சி இருந்தால் ஊரிலேயே வெட்டிவிடுங்கள்.

வியாழன், பெரம்பூர்

காலையில் எழும்பூர். தங்குவது பெரம்பூரில் ஒரு சபை ஹால். இரண்டு கழிவறை, 20 பேர். காலை ஐந்து மணியிலிருந்து ஆளுக்குப் பத்து நிமிடம் என்று சுவரில் ஒட்டிவிட்டால் ஒரு வாரச் சண்டை மிச்சம். கத்திரி வெயில் காலம், ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் குடிதண்ணீர். 20 லிட்டர் கேன் தினம் ஐந்து. பறை அடிக்கிறவர்களுக்கும் மைம் பிள்ளைகளுக்கும் தண்ணீர் மட்டும் போதாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தலைவலி என்று ஒருவர் சொல்வதற்கு முன்பே ஆளுக்கு ஒரு டம்ளர்.

முதல் நாளில் நிகழ்ச்சி கிடையாது. வந்த அன்றே தெருவில் இறங்குவது பல குழுக்கள் செய்கிற தப்பு. இன்று கருவி எதையும் தூக்காமல் மூன்று இடத்துக்கும் நடந்து போய்ப் பார்ப்பது மட்டும்தான். என்ன பார்க்கணும்? கரண்ட் எந்த வீட்டிலிருந்து எடுப்பது, பைக் எங்கே நிறுத்துகிறார்கள், மசூதி எந்தப் பக்கம், கோயில் திருவிழாக் கொடி ஏறியிருக்கிறதா, நூறு மீட்டருக்குள் ஆஸ்பத்திரி இருக்கிறதா. இருந்தால் அது அமைதி மண்டலம், ஸ்பீக்கர் கூடாது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை எங்கேயுமே கூடாது. காவல் நிலையத்துக்குக் கடிதம் ஒரு வாரத்துக்கு முன்பே போயிருக்க வேண்டும். இன்று போய்ப் பார்ப்பது முகத்தைக் காட்டிவிட்டு வர. மாநகராட்சி விளையாட்டுத் திடல் என்றால் மண்டல அலுவலகத்திலும் கேட்க வேண்டும். 

இதெல்லாம் காகிதம். உண்மையான அனுமதி தெருமுனையில் இருக்கிறது. கேரம் போர்டு மன்றத்து அண்ணன்கள், நற்பணி மன்றம், மகளிர் சுய உதவிக் குழு அக்கா. "அண்ணா, நாளான்னிக்கு சாயந்தரம் இங்க ஒரு அரை மணி நேரம் ப்ரோக்ராம் பண்ணலாமா?" என்று கேட்டால் அவர்கள் முதலில் கேட்பது, "யாரு பாடுவாங்க? நம்ம பசங்களுக்கு சான்ஸ் குடுப்பீங்களா?" இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிற குழுதான் உருப்படியாகத் திரும்பும். 60 நிமிட நிகழ்ச்சி என்றால் வந்தவர்களுக்கு 30, அந்தத் தெருவுக்கு 30. பேப்பரில் அப்படியே எழுதி அவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும்.

சாயங்காலம் ஒத்திகை. தங்கியிருக்கிற பெரம்பூர் வெறும் ரயில் நிலையப் பெயர் இல்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதும் ஒத்திகையில் சேர்த்திதான். பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-ல் இங்கேதான் தொடங்கியது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் அது. சினிமாவில் பார்த்த வடசென்னையோடு வந்து இறங்குகிற பிள்ளைகளுக்கு இன்னொரு வடசென்னையும் தெரிந்திருக்கணும். 'சேரி', 'ரவுடி ஏரியா' என்ற சொற்கள் ஹாலுக்குள்கூட வரக்கூடாது. மைக்கில் வாய் தவறும் சொல் எல்லாம் அறையில் பழகிய சொல்தான்.

வெள்ளி, வியாசர்பாடி

பெரம்பூரிலிருந்து புறநகர் ரயிலில் அடுத்த நிலையம் வியாசர்பாடி ஜீவா. வியாசர்பாடிக்குக் குட்டி பிரேசில் என்று பெயர். வெளிச்சம் இருக்கிறவரை திடலில் பந்து ஓடிக்கொண்டே இருக்கும். மே நடுவில் சென்னையில் சூரியன் மறைவது ஏறக்குறைய ஆறரை. அதற்கு முன்னால் திடலைக் கேட்கவே கூடாது. ஆட்டம் முடிந்து பசங்க தண்ணீர் குடிக்கிற நேரம் பார்த்து, ஆறே முக்காலுக்குத் திடலின் ஓரத்தில் தொடங்கினால் ஆட்டம் பார்த்த கூட்டமே நிகழ்ச்சிக் கூட்டமாகிவிடும். ஐந்தரைக்கே போய் "கொஞ்சம் இடம் விடுங்க தம்பி" என்று கேட்ட குழுவுக்கு அன்றைக்கு ஒரு கைதட்டல்கூடக் கிடைக்காது.

பறை அடித்துக் கூட்டம் சேர்க்கும்போது எந்த அடி என்று யோசிக்கணும். சாவு அடியில் தொடங்கினால் சன்னல் திறக்கும், "யாரு தவறிட்டாங்க?" என்ற கேள்வியும் வரும். தென்மாங்கு அடி பத்திரமானது.

வட்டம் 25 அடி விட்டம், சுண்ணாம்புத் தூளில் கோடு. இங்கேதான் எல்லாக் குழுவும் மாட்டுவது: ஐந்து வயதுப் பொடிசுகள் ஓடிவந்து முன்வரிசையை நிரப்பிவிடும். யாருக்காக வந்தோமோ அந்தப் பதினைந்து, பதினாறு வயதுப் பசங்க பின்னால் பைக் மேல் சாய்ந்துகொண்டு, பார்த்தும் பார்க்காத மாதிரி நிற்பார்கள். நடிக்கிறவர்கள் முன்வரிசையின் சிரிப்புக்கு ஏங்கி நிகழ்ச்சியையே குழந்தைகள் கூத்தாக்கிவிடுவார்கள். தடுக்க ஒரு வழி உண்டு. வில்லை வட்டத்தின் நடுவில் வைக்காமல், பைக் நிற்கிற பக்கமாக விளிம்பில் வையுங்கள். குழந்தைகள் எதிர்ப்பக்கம் உட்காருவார்கள். பாடுகிறவரின் குரல் பைக்கைத் தாண்டித்தான் போகும்.

வில்லுப்பாட்டுக்கு வரிசை உண்டு: காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி, அவையடக்கம், கதை, வாழி. இந்தக் காலத்துக் குழுக்கள் நேரம் இல்லை என்று முதலில் வெட்டுவது அவையடக்கத்தை. அதை மட்டும் வெட்டாதீர்கள். "குற்றம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று பெரிய சபைக்கு முன்னால் சின்னவன் பணிகிற பகுதி அது. "உங்களுக்கு ஒரு நல்ல செய்தி கொண்டுவந்திருக்கிறோம்" என்று மைக்கில் ஆரம்பிப்பதற்கும், "ஆட்டம் தெரிஞ்ச ஊரு, பாட்டும் தெரிஞ்ச ஊரு, எங்க பாட்டுல பிழை இருந்தா சொல்லுங்க" என்று ஆரம்பிப்பதற்கும் உள்ள வித்தியாசம் பைக் மேல் இருக்கிறவன் முகத்திலேயே தெரியும்.

கதை, லூக்கா 15-ஆம் அதிகாரத்துக் கெட்ட குமாரன். இரண்டு பிள்ளைகள், அப்பாவுக்கு ஒரு ஆட்டோ. சின்னவன் பங்கு கேட்டு, ஆட்டோ விற்றுப்போகிறது. 14 நிமிடத்துக்கு மேல் போகாமல் சுருக்க வேண்டும். "ஏலே, வாலே" என்று நெல்லைத் தமிழ் வந்த உடனே பின்னாலிருந்து அதே சொல்லைத் திருப்பிச் சொல்லிக் கலாய்ப்பார்கள். பயப்பட வேண்டாம், அதுதான் கதவு. பக்கப்பாட்டுக்காரர்கள் "ஆமா" போடுகிற இடத்தில் ஒரு நொடி இடைவெளி விட்டால், மூன்றாவது தடவையிலிருந்து பின்வரிசையே "ஆமா" போட ஆரம்பிக்கும். குழு அந்த "ஆமா"வை விட்டுக்கொடுத்துவிட வேண்டும். நாங்கள்தான் போடுவோம் என்று போட்டி போட்டால் கெட்டது.

கதையை எங்கே நிறுத்துவது? சின்னவன் திரும்பி வந்து விருந்து நடக்கிறது. பெரியவன் கோபத்தோடு வாசலுக்கு வெளியே நிற்கிறான், அப்பா வந்து கூப்பிடுகிறார். அங்கே நிறுத்த வேண்டும். உவமையே அங்கேதான் நிற்கிறது. பெரியவன் உள்ளே போனானா என்று லூக்கா எழுதவில்லை. "இவன் உள்ள போவானா?" என்று கேட்டுவிட்டு வீசுகோலைக் கீழே வைத்துவிட்டால் அடுத்த பத்து நிமிடம் தெருவுடையது. குடிக்கிற தம்பிக்காகப் படிப்பை விட்டு வேலைக்குப் போகிற அண்ணன்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. யாராவது ஒருவர் வட்டத்துக்குள் வந்து பெரியவனாக நின்று பேசலாம், அப்பாவாக நடிக்கிறவர் பதில் சொல்லணும். நாடகத்தை நடுவில் நிறுத்திப் பார்க்கிறவரை உள்ளே இழுக்கிற இந்த முறையைப் பரப்பிய அகஸ்டோ போவால் பிரேசில்காரர். குட்டி பிரேசிலில் எடுபடுவதில் ஆச்சரியம் இல்லை!

அப்பாவாக நடிக்கிறவருக்குத் தயாரிப்பு அதிகம் வேண்டும். உபதேசம் பண்ணக்கூடாது, வசனம் ஒப்பிக்கவும் கூடாது. "அவனுக்கு ஆடு அடிச்சீங்க, நான் ராத்திரி ஷிப்ட் பாத்தப்ப டீ வாங்கிக் குடுத்தீங்களா?" என்று கேட்டால் பதில் தெரியாமல் நிற்கத் தெரியணும். அதுதான் நடிப்பு.

மைம் இன்று கெட்டது, காரணம் விளக்கு. முத்துவெள்ளையைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் போட்ட வெள்ளை முகம், தலைக்கு மேலே தெருவிளக்கு எரிந்தால் மண்டையோடு மாதிரிதான் தெரியும். கண்குழி முழுக்க இருட்டு. 50 வாட் எல்இடி ஃபோகஸ் இரண்டை இடுப்பு உயரத்தில் 12 அடி தள்ளி, இரண்டு பக்கத்திலிருந்தும் அடித்தால் கண் தெரியும். எண்ணெயும் கூடக்கூடாது. பசை அரைத்த சந்தனம் மாதிரி இறுக்கமாக இருக்கணும். தளர்ந்தால் வேர்வையோடு அரைமணியில் கழுத்துக்கு இறங்கிவிடும். மேலே முகப்பவுடரை ஒத்தி, ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் கொஞ்சம் நிற்கும்.

பரிசு, பிஸ்கட், சாக்லேட் எதுவும் கொண்டுபோகக் கூடாது. 100 பாக்கெட் கொண்டுபோனால் 150 கை நீளும். அன்றைக்குத் தெருவுக்கு நினைவிருக்கப் போவது அந்தச் சண்டைதான். பெயர், போன் நம்பர் எழுதி வாங்குகிற சீட்டும் கிடையாது. பல மதத்துப் பிள்ளைகள் நிற்கிற கூட்டம். பெற்றோருக்குச் சந்தேகம் வந்தால் அதைச் சுமக்கப்போகிறவர் தெருமுனையில் நமக்கு இடம் வாங்கிக்கொடுத்த அண்ணன்.

சனி, காசிமேடு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுக்கு மீன்பிடித் தடை, 61 நாள். மே மாதத்தில் காசிமேடு போகிற குழுவுக்கு இது முக்கியமான சேதி. படகெல்லாம் கட்டிக்கிடக்கும், பெயின்ட் வேலையும் வலை பின்னுவதும் நடக்கும், ஆண்கள் சாயங்காலம் வீட்டில் இருப்பார்கள். கூட்டம் மற்ற மாதத்தைவிட அதிகம். கையில் காசு குறைவான மாதமும் இதுதான். கடன் பற்றிய நகைச்சுவை ஒன்று மைமில் இருந்தது. இங்கே எடுத்துவிட வேண்டியதாயிற்று.

இங்கே எதிரி கடல்காற்று. பறைச் சட்டம் மூன்று வேப்பமரத் துண்டுகளை இரும்புத் தகட்டால் இணைத்தது; தோல் புளியங்கொட்டைப் பசையில் ஒட்டி இறுக்கியது. காய்ந்த பாளையங்கோட்டையில் கணீரென்று பேசிய பறை, காசிமேட்டில் ஐந்து மணிக்கு எடுத்தால் 'தொப்' என்று விழும். ஈரத்தை இழுத்துத் தோல் தளர்ந்துவிட்டது. காய்ச்சித்தான் ஆகணும்.

காய்ச்சுகிற விதம்: பழைய செய்தித்தாள், வைக்கோல், காய்ந்த ஓலை, ஏதாவது ஒன்றில் சின்னத் தீ. தழல் எழும்பி அடங்கட்டும். தோல் பக்கத்தைத் தீயிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் காட்டி, வண்டிச் சக்கரம் சுற்றுகிற மாதிரி மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கணும். ஒரே இடத்தில் நிறுத்தினால் அங்கே மட்டும் சுருங்கி, அடிக்கிறபோது அந்த இடத்திலிருந்து கிழியும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு சத்தம், ஓரத்தில் ஒரு சத்தம். இரண்டும் நெருங்கிவருகிற வரை காட்டணும். ஐந்திலிருந்து எட்டு நிமிடம் ஆகும். உள்ளங்கையை வைத்தால் சூடு தாங்குகிற அளவுதான், தாங்கவில்லை என்றால் அதிகம். இந்த ஈரத்தில் அந்த இறுக்கம் அரைமணி நேரத்துக்கு மேல் நிற்காது. ஆகவே நாலு பறையையும் ஒன்றாகக் காய்ச்சாமல், இரண்டு அடிக்கிறபோது இரண்டு காய வேண்டும்.

இங்கே கூடுதலாக ஒன்று கவனிக்கணும்: சுற்றிலும் நைலான் வலை, டீசல் கேன், ஃபைபர் படகு. திறந்த தீ இங்கே ஆபத்து. காய்ச்சுவதற்கு ஒரு தகர டப்பா, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், இடத்தை அங்கே இருக்கிற பெரியவர் ஒருவர் காட்ட வேண்டும். தீக்கு வழியே இல்லை என்றால் 500 வாட் ஹாலோஜன் விளக்கு முன்னால் பிடிக்கலாம். நேரம் இரண்டு மடங்கு ஆகும், கிழியாது. காசிமேட்டுப் பசங்க பறை காய்ச்சுகிற டப்பாவைச் சுற்றித்தான் முதலில் கூடினார்கள். பாதிப் பேருக்கு இந்த வேலை ஏற்கெனவே தெரியும். குழுவுக்குத் தெரியாத இரண்டு நுணுக்கத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அதிலிருந்து அவர்களுடைய முப்பது நிமிடம் தானாகவே தொடங்கிவிட்டது.

உடுக்கையின் தோல் இன்னும் மெல்லியது, தீயே காட்டக்கூடாது. துணியில் சுற்றி, பாடுகிற நேரம்வரை பைக்குள்.

ஞாயிறு

ஆராதனை, இரண்டு பாட்டு, மத்தியானச் சாப்பாடு, தூக்கம். தினமும் கத்துகிற தொண்டைக்கு ஒரு நாள் ஓய்வு கட்டாயம். சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பது, பேச்சைக் குறைப்பது, ஐஸ் தண்ணீர் தொடாமல் இருப்பது. மூன்றாவதைப் பதினாறு வயதில் யாரும் கேட்பதில்லை.

ஆலயத்துக்குள் பறை அடிக்கலாமா என்ற பேச்சு எந்தச் சபைக்குப் போனாலும் ஒருவர் எடுப்பார். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பறையும் நாட்டுப்புற மெட்டும் வழிபாட்டுக்குள் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன; அதைச் சொன்னால் போதும், வாதம் வேண்டாம்.

சாயங்காலம் அத்தோ. பர்மாவிலிருந்து திரும்பிவந்த குடும்பங்கள் குடியேறிய பகுதி வியாசர்பாடி. நூடுல்ஸில் கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பொரித்த பூண்டு போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள், கூடவே வாழைத்தண்டு சூப். இருபது பேரும் ஒரே கடையில் போய் நிற்காமல் இரண்டாகப் பிரிவது நல்லது.

திங்கள், புளியந்தோப்பு

இன்று வில்லுப்பாட்டு இரண்டாம் பட்சம். கானா பசங்களோடு பட்டறை. கானா சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடி வளர்ந்த பாட்டு. டோலக் இருந்தால் டோலக், இல்லாவிட்டால் மேசை, குடம், டப்பா, எதிலும் தாளம் வரும். இதை 'நம்ம பாட்டுக்கு மெட்டாக எடுத்துக்கலாம்' என்று வாங்கிப்போகிற பழக்கம் குழுக்களுக்கு உண்டு. அது வேண்டாம். கேட்டு உட்காருவது முதல் வேலை.

பட்டறை முறை எளிது. மூன்று மணிக்கு ஹாலில், பத்துப் பத்துப் பேராக இரண்டு வட்டம். முதல் முக்கால் மணி நேரம் புளியந்தோப்புப் பசங்க சொல்லித்தருவார்கள், குழு கற்றுக்கொள்ளும். அடுத்த முக்கால் மணி மாற்றி. வீசுகோலைச் சும்மா அடிப்பதில்லை. மணிக்கட்டிலிருந்து விசிறி, வில்லின் நாணில் படவிட்டு உடனே எடுக்கணும். அழுத்தினால் நாண் ஊமையாகும். இதைச் சொல்லித்தந்தால் கால் மணி நேரத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். கானாவின் எடுப்பு இடம் நெல்லைப் பிள்ளைகளுக்கு முக்கால் மணி நேரத்திலும் பிடிபடவில்லை. தப்பு எங்கே என்றால், வில்லுப்பாட்டுக்காரர் காது தாளத்தின் தொடக்கத்துக்காகக் காத்திருக்கும். கானாக்காரர் அதற்கு ஒரு மூச்சுப் பிந்தி, பேசுகிற மாதிரி நுழைவார்.

குடம்தான் இரண்டுக்கும் பொது. வாயில் மட்டையால் அடித்தால் வில்லுப்பாட்டு, வயிற்றில் விரலால் அடித்தால் கானா. ஒன்றாகப் பாடியது ஏழு நிமிடம். கதை அதே அண்ணன், தம்பிதான். தம்பியின் புலம்பல் மட்டும் கானாவில்.

ஒரு குடம் இன்று விரிசல் விட்டது. பெரம்பூரிலிருந்து பக்கம்தான் கொசப்பேட்டை, குயவர்கள் பேட்டை, மண்பானை கிடைக்கும். தண்ணீர்ப் பானை கனம் குறைவு, சத்தம் ஒடுங்கி வரும். வாங்கும்போது சுண்டிப் பார்த்து, கழுத்து தடித்ததாக எடுக்க வேண்டும். ஒத்திகைக்கு ஆகும்.

நிகழ்ச்சி தொடங்கும்போது மசூதியில் மாலைத் தொழுகைக்கு அழைக்கிற மகரிப் பாங்கு நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் மறைந்ததும் ஒலிக்கும், ஐந்து நிமிடம் ஸ்பீக்கரை நிறுத்தி உட்கார்ந்துவிட வேண்டும். "பாங்கு முடிஞ்சதும் தொடங்குவோம்" என்று மைக்கில் ஒரு வரி சொன்னால் நல்லது.

மன்றத்து வாசலில் பல்பு கட்டித் தொங்கும் கேரம் போர்டைப் பார்த்து ஒரு ஆட்டம் கேட்காமல் வரக்கூடாது. கேரமுக்கு முதல் அர்ஜுனா விருது 1996-ல் சென்னைக்காரர் மரிய இருதயத்துக்கு. 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண். குழு தோற்கும். தோற்பது நல்லது.

செவ்வாய், பெரும்பாக்கம்

வடசென்னைப் பட்டியலில் இது சேர்ந்ததற்குக் காரணம்: நகரத்தின் நடுவில் வாழ்ந்தவர்களை ஆற்றங்கரையிலிருந்தும் தெருவோரத்திலிருந்தும் எடுத்து வெகுதூரம் தள்ளிக் குடிவைத்த இடம். 2000-ல் கண்ணகி நகர் தொடங்கியது, பிறகு பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பின் கூவக்கரைக் குடும்பங்கள் பல இங்கே வந்தன. பள்ளி வருடம் நடுவில் இடம் மாறிய பிள்ளைகள் இப்போது பதின்வயதில். "எந்த ஏரியாலர்ந்து வரீங்க?" என்றுதான் இங்கே முதல் கேள்வி. "புளியந்தோப்பு" என்று சொல்ல இன்று வேனில் உண்மையிலேயே நாலு புளியந்தோப்புப் பசங்க இருந்தார்கள். அவரவர் வீட்டில் கேட்டு, எழுத்தில் சம்மதம் வாங்கிக் கூட்டிவந்தது. பெரம்பூரிலிருந்து ஒன்றரை மணி நேரம், பழைய மாமல்லபுரம் சாலையில் சாயங்கால நெரிசலுக்கு முன் மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும்.

தரைக்கு மேல் ஏழு மாடி. இரண்டு பிளாக்குக்கு நடுவில் இருக்கிற இடைவெளிதான் மேடை. இங்கே கூட்டம் வட்டமாக நிற்பதில்லை, மேல்நோக்கி அடுக்காக நிற்கும். கீழே 40 பேர், தாழ்வாரங்களில் 200 தலை. பதின்வயதுப் பெண்பிள்ளைகள் பெரும்பாலும் மேலேதான். கீழே இறங்க வீட்டில் விடுவதில்லை. தரைமட்டத்துக்கு நடித்தால் அவர்களுக்கு உச்சந்தலை மட்டும்தான் தெரியும். முகத்தை நிமிர்த்தி மூன்றாவது மாடிக்கு நடிக்கணும். அங்கே பார்த்தால் கீழேயும் மேலேயும் இரண்டுக்கும் பொருந்தும். மைமில் கைவேலை எல்லாம் நெஞ்சுக்கு மேலே வர வேண்டும்.

சத்தம் எதிரொலிக்கும். இரண்டு சுவருக்கு நடுவில் ஸ்பீக்கரைச் சுவரைப் பார்த்து வைத்தால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை கேட்கும், குடம் கேட்கவே கேட்காது. ஸ்பீக்கரை இடைவெளியின் ஒரு முனையில், நீளவாக்கில் வைத்து, சத்தத்தைப் பாதியாகக் குறைத்து, பாடுகிறவர் வேகத்தையும் குறைக்க வேண்டும். வரிக்கு வரி ஒரு மூச்சு இடைவெளி. பறைக்கு மைக்கே வேண்டாம். மைக் எப்போதும் ஸ்பீக்கருக்குப் பின்னால். முன்னால் வந்தால் கூவும்.

பெரியவன் வாசலில் நிற்கிற இடம் வந்தபோது பதில் மேலிருந்து வந்தது. நாலாவது மாடியிலிருந்து ஒரு பெண்குரல்: "அவன் ஏன் உள்ள போணும்? அப்பாவ வெளிய வந்து அவன்கூட சாப்பிடச் சொல்லு!" அப்பாவாக நடித்தவர் செய்தது சரி: பதில் பேசாமல் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே வந்து உட்கார்ந்தார். ஒத்திகையில் இல்லாதது. மாடி மாடியாகக் கைதட்டல் இறங்கி வந்தது.

வாழி பாடும்போது பொதுவாக 'ஊர் வாழி' என்று முடிப்பதைவிட, பிளாக் நம்பரைச் சொல்லி வாழி பாடுங்கள். பழைய ஏரியாவின் பெயரையும் சேர்த்து. முன்கூட்டியே கேட்டு ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், ஒன்று விட்டுப்போனாலும் மேலிருந்து கூப்பிட்டுச் சொல்லுவார்கள்.

போட்டோ: 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் முகம் தெரிகிற எந்தப் படமும் வெளியே போகக்கூடாது. கை, குடம், பறை, மாடி வரிசை போதும்.

புதன், எழும்பூர்

வில்லைக் கழற்றும்போது போல்ட்டுகளைத் தனியாகப் பையில் போட வேண்டாம், அதே ஓட்டையில் திரும்ப மாட்டி நட்டைக் கையால் இறுக்கிவிட்டால் தொலையாது. பறைகளை ஈரத்தோடு உறையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். மத்தியானம் நிழலில் இரண்டு மணி நேரம் காற்றாட வைத்தபிறகுதான் கட்ட வேண்டும். முத்துவெள்ளை டப்பா மூடியை டேப் போட்டு ஒட்டாவிட்டால் துணி எல்லாம் வெள்ளை.

கணக்குச் சீட்டு இன்றே முடியணும், ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் ரசீது பாதி காணாமல் போகும். காவல் நிலையத்துக்கும் மன்றத்து அண்ணன்களுக்கும் நன்றி சொல்லி ஒரு போன். அதில் அடுத்த வருடம் வருவோம் என்று சொல்லக்கூடாது. தேதி முடிவான பிறகு சொல்லலாம். வருவோம் என்று சொல்லிவிட்டு வராமல்போன குழுக்களின் பெயர் அந்தத் தெருக்களில் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நல்ல குடம் ஒன்றைப் புளியந்தோப்புப் பசங்க கேட்டார்கள், அங்கேயே இருக்கிறது. திரும்பும் பெட்டியில் விரிசல் விட்டதும், கொசப்பேட்டைப் பானையும். வைக்கோல் பிரி நிறைய மிச்சம்.